மானியத்தின் அளவும் அது விழும் இடமும்: சீனாவின் வேளாண் செலவும் கரிம உமிழ்வும், 2004–2022

சீனாவின் வேதியுரப் பயன்பாடு, சத்துக்களின் எடையில் கணக்கிட்டால், 2004-ஆம் ஆண்டில் 4.64 கோடி டன்னாக இருந்தது. 2015-இல் அது 6.02 கோடி டன்னை எட்டியது. பின்னர் திசை மாறி, 2020-இல் 5.25 கோடி டன்னாக இறங்கியது. முதல் காலத்தில் ஏறத்தாழ 30 சதவீத உயர்வு. இரண்டாம் காலத்தில் 13 சதவீதத்தை ஒட்டிய சரிவு. இந்த இரண்டு காலங்களிலும் வேளாண்மைக்கான அரசுச் செலவு உயர்ந்துகொண்டேதான் இருந்தது. வேளாண்மை, காடு, நீர் ஆகியவற்றுக்கான பொதுச் செலவுத் தலைப்பு 2020-இல் 2 லட்சம் கோடி யுவானைத் தாண்டியிருந்தது. உரம் வேளாண் உமிழ்வின் முக்கிய மூலங்களுள் ஒன்று என்பதால், செலவு கூடினால் உமிழ்வு கூடும் என்பவருக்கு முதல் காலமும், செலவு கூடினால் உமிழ்வு குறையும் என்பவருக்கு இரண்டாம் காலமும் சான்றாகின்றன. இரண்டையும் சேர்த்து விளக்க வேண்டுமானால், செலவின் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, அந்தப் பணம் உழவரின் எந்த முடிவை எப்படி மாற்றியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வின் நோக்கம் அதுவே.

உமிழ்வை அளக்கும் இரண்டு கணக்குகள்

முதலில் அளவுகோலைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனெனில் இத்துறையில் எழும் முரண்பட்ட முடிவுகளில் கணிசமானவை அளவுகோலிலிருந்தே பிறக்கின்றன. சீன மாகாணங்களின் வேளாண் உமிழ்வைக் கணிக்கும் பல ஆய்வுகள் ஆறு மூலங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன: வேதியுரம், பூச்சிக்கொல்லி, வயலில் விரிக்கும் நெகிழித் தாள், டீசல், உழவு, பாசனம். ஒவ்வொன்றின் பயன்பாட்டையும் ஒரு நிலையான எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். ஒரு கிலோ உரத்துக்கு 0.8956 கிலோ கரிமம், ஒரு கிலோ பூச்சிக்கொல்லிக்கு 4.9341 கிலோ, நெகிழித் தாளுக்கு 5.18 கிலோ, டீசலுக்கு 0.5927 கிலோ என்பன பரவலாகக் கையாளப்படும் எண்கள். இவை கரிமத்தின் எடை. கரியமில வாயுவின் எடையாக மாற்ற 44/12 என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன. ஆனால் வளிமண்டலத்துக்கு மூன்றும் ஒன்றல்ல. தழைச்சத்து உரத்தைச் செய்ய மிகுந்த ஆற்றல் தேவை. வயலில் இட்ட பின் அதன் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. அந்த வாயுவின் வெப்பமூட்டும் திறன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. சீனாவில் ஒரு டன் தழைச்சத்தை உற்பத்தி செய்து பயன்படுத்தும்போது ஏறத்தாழ 13.5 டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு ஏற்படுகிறது என்றும், ஐரோப்பாவில் அது 9.7 டன் என்றும் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. வேறுபாட்டின் முக்கியக் காரணம் நிலக்கரி: உலகின் பிற பகுதிகளில் அம்மோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுகையில், சீன ஆலைகளில் பெரும்பாலானவை நிலக்கரியை நம்பியிருந்தன. அந்த 13.5 டன்னில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, மூட்டை வயலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது.

இரண்டாவது கணக்கு, சீன அரசு ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலை அமைப்புக்கு அளிக்கும் தேசிய உமிழ்வுப் பட்டியல். 2014-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் வேளாண் உமிழ்வு 83 கோடி டன் கரியமில வாயு நிகர். அதில் மூன்றில் ஒரு பங்கு விளைநில மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு. கால் பங்கு கால்நடைகளின் செரிமானத்தில் உண்டாகும் மீத்தேன். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நெல்வயல் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி சாணக் கழிவு. இப்பட்டியலில் உர ஆலையின் நிலக்கரியும் டிராக்டரின் டீசலும் வேளாண்மைக்குள் வருவதில்லை. அவை தொழில், எரிசக்தித் தலைப்புகளுக்குப் போய்விடுகின்றன. ஆறு மூலக் கணக்கிலோ கால்நடையும் நெல்லும் இல்லை. ஆக, ‘வேளாண் கரிம உமிழ்வு’ என்ற ஒரே பெயரில் வழங்கும் இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறியது. ஓர் ஆய்வு அரசுச் செலவு உமிழ்வைக் குறைத்தது என்று சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது. ஆறு மூலக் கணக்கை வைத்துக்கொண்டால், உரம் குறைந்தது என்பதையே உமிழ்வு குறைந்தது என்று வேறு சொற்களில் சொல்கிறோம். மீத்தேனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மானியங்கள் பெருகிய காலம்

2003-இல் சீனாவின் தானிய விளைச்சல் 43 கோடி டன்னாகச் சரிந்தது. 1998-இல் அது 51 கோடி டன்னாக இருந்ததை நினைத்தால், பெய்ஜிங்கில் எழுந்த கவலையைப் புரிந்துகொள்ளலாம். 2004 முதல் ஒவ்வோர் ஆண்டும் மத்திய அரசு வெளியிடும் முதல் கொள்கை ஆவணம் வேளாண்மையைப் பற்றியதாகவே அமைந்தது. 2006 தொடக்கத்தில் வேளாண் வரி முற்றாக ஒழிக்கப்பட்டது. தானிய உழவருக்கு நேரடி மானியம், தரமான விதைக்கு மானியம், இயந்திரம் வாங்க மானியம், இடுபொருள் விலையேற்றத்தை ஈடுசெய்யும் ஒட்டுமொத்த மானியம் என நான்கு மானியங்கள் அடுத்தடுத்து நிலைபெற்றன. இவற்றில் மிகப் பெரியது கடைசியாகச் சொன்ன இடுபொருள் மானியம். 2006-இல் 1,200 கோடி யுவானில் தொடங்கிய அது, 2014-இல் 10,000 கோடி யுவானைத் தாண்டியது.

உரப் பயன்பாடு உயர்ந்ததற்கு இந்த மானியமே காரணம் என்று முடிவு செய்வது எளிது. பெயரும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் அது எப்படி வழங்கப்பட்டது என்று பார்த்தால் அந்த முடிவு தளர்ந்துவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் அது நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டு, கிராமத்திடமிருந்து நிலத்தின் குத்தகை உரிமை பெற்ற குடும்பத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. கூடுதலாக ஒரு மூட்டை வாங்கினால் கூடுதல் மானியம் இல்லை. ஒரு மூட்டையும் வாங்காவிட்டாலும் மானியம் குறையாது. நிலத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு நகரத்து ஆலையில் வேலை பார்த்தவரும் அதைப் பெற்றார். உழவர் அளவிலான தரவுகளைக் கொண்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மானியங்கள் இடுபொருள் முடிவுகளைப் பெரிதாகத் திரிக்கவில்லை என்றே கண்டது. குடும்பத்தின் வருமானத்துக்கு அது துணை. உரக் கடையில் கொடுக்கும் விலையை அது தொடவில்லை.

விலையைத் தொட்ட பணம் வேறிடத்தில் இருந்தது. உர ஆலைகளுக்குச் சலுகை விலையில் மின்சாரம், சலுகை விலையில் எரிவாயு, ரயில் கட்டணத்தில் தள்ளுபடி, மதிப்புக் கூட்டு வரியிலிருந்து விலக்கு ஆகியவை பல ஆண்டுகள் வழங்கப்பட்டன. இவற்றில் பெரும்பகுதி வேளாண் நிதிநிலைத் தலைப்பில் தென்படாது; மின்கட்டண அட்டவணையிலும் வரிச் சட்டத்திலும் புதைந்திருக்கும். மறுபுறம், நெல்லுக்கு 2004 முதலும் கோதுமைக்கு 2006 முதலும் குறைந்தபட்சக் கொள்முதல் விலை நடைமுறைக்கு வந்தது. வடகிழக்கு மாகாணங்களில் மக்காச்சோளத்தைத் தற்காலிக இருப்பு என்ற பெயரில் அரசே வாங்கியது. உரத்தின் விலை செயற்கையாகக் குறைவு, விளைபொருளின் விலை உறுதி என்ற நிலையில், ஐயம் எழும்போதெல்லாம் இன்னும் ஒரு பை போட்டுவிடுவது உழவரின் பார்வையில் அறிவுள்ள முடிவே. அவரை அறியாமையின் பெயரால் குறைசொல்வது நியாயமாகாது.

இதற்குத் துணைநின்ற இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. வீட்டின் இளையவர்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். உரத்தைப் பிரித்துப் பிரித்து மேலுரமாக இடுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். மொத்தத்தையும் அடியுரமாகக் கொட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அப்படிக் கொட்டும்போது பயிர் உறிஞ்சுவதற்கு முன்பே வீணாகும் பங்கை ஈடுகட்ட அளவையும் கூட்டிவிடுகிறார்கள். உரத்தில் மிச்சப்படும் தொகை ஒரு நாள் நகரத்துக் கூலியைவிடக் குறைவாக இருக்கும்வரை இந்தப் பழக்கம் மாறாது. பண்ணையின் பரப்பு ஒரு சதவீதம் கூடும்போது ஹெக்டேருக்கு இடும் உரம் 0.3 சதவீதம் குறைகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று கண்டது இதனோடு ஒத்துப்போகிறது.

விளைவு மண்ணிலேயே பதிந்தது. 1980-களுக்கும் 2000-களுக்கும் இடையே சீனாவின் முக்கிய விளைநில மண்வகைகளில் அமிலத்தன்மை கணிசமாகக் கூடியதையும், மிகையான தழைச்சத்து அதற்கு முதன்மைக் காரணம் என்பதையும் 2010-இல் சீன அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2015-இல் வேளாண் அமைச்சகமே தன் செயல்திட்டத்தில் ஒப்புக்கொண்ட கணக்கின்படி, ஒரு மு நிலத்துக்கு 21.9 கிலோ உரம் இடப்பட்டது. உலகச் சராசரி 8 கிலோ. ஒரு மு என்பது ஹெக்டேரில் பதினைந்தில் ஒரு பங்கு.

அறிவுக்குச் செலவிட்ட பணம் ஏன் பத்தாண்டு காத்திருந்தது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைக்கும் பகுதி இதுதான். மிகையுரத்தைப் பற்றிய அறிவும் அதற்கான செலவும் 2015-இல் திடீரென முளைக்கவில்லை. மண்ணைப் பரிசோதித்து, அதற்கேற்ற கலவையைப் பரிந்துரைக்கும் தேசியத் திட்டம் 2005-இலேயே தொடங்கி, சில ஆண்டுகளில் நாட்டின் பெரும்பாலான வேளாண் வட்டங்களை எட்டிவிட்டது. 2009-இல் ஹெபெய் மாகாணத்தின் சூஜோ வட்டத்தில், சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி உழவரோடு சேர்ந்து வேலை செய்யும் ‘அறிவியல் தொழில்நுட்ப முற்றம்’ என்ற முறை உருவானது. 2005 முதல் 2015 வரை 452 வட்டங்களில், ஏறத்தாழ 2.09 கோடி உழவரோடு, 3.77 கோடி ஹெக்டேரில் நடந்த பெரும் முயற்சி ஒன்றின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலும் விளைச்சல் சராசரியாக 10.8 முதல் 11.5 சதவீதம் உயர்ந்தது. தழைச்சத்துப் பயன்பாடு 14.7 முதல் 18.1 சதவீதம் குறைந்தது. பசுங்குடில் வாயு உமிழ்வு 4.6 முதல் 13.2 சதவீதம் குறைந்தது. மிச்சமான தழைச்சத்து 12 லட்சம் டன்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும், 65,000 அளவிலான அரசு விரிவாக்கப் பணியாளர்களும், அதைப் போல இரு மடங்கு எண்ணிக்கையில் வேளாண் நிறுவனப் பணியாளர்களும் ஈடுபட்ட இந்த முயற்சியின் வெற்றியில் ஐயமில்லை. ஆனால் அதே பத்தாண்டுகளில் நாட்டின் மொத்த உரப் பயன்பாடு ஆண்டுதோறும் உயர்ந்தது. பரிந்துரைச் சீட்டு ஒரு பக்கம் குறைக்கச் சொல்ல, உரத்தின் விலையும் விளைபொருளின் கொள்முதல் விலையும் மறுபக்கம் கூட்டச் சொல்லின. நேரில் வந்து வயலில் நின்று சொல்லித்தரும் ஆள் இருந்த இடத்தில் சீட்டு வென்றது. ஆள் இல்லாத இடத்தில் விலை வென்றது. அரசின் ஒரு கை கொடுத்த பணத்தை அதே அரசின் மறுகை கொடுத்த பணம் செல்லாததாக்கியது என்றே இதைப் படிக்கிறேன்.

2015-இன் திருப்பம்

2015 பிப்ரவரியில் வேளாண் அமைச்சகம், 2020-க்குள் உரப் பயன்பாட்டின் வளர்ச்சியைச் சுழியமாக்கும் செயல்திட்டத்தை அறிவித்தது. 2015 முதல் 2019 வரை ஆண்டு வளர்ச்சி ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2020-இல் வளர்ச்சியே இருக்கக் கூடாது. பயிர் பயன்படுத்திக்கொள்ளும் சத்தின் விகிதம் 40 சதவீதத்தை எட்ட வேண்டும். அந்த விகிதம் 2015-இல் 35.2 சதவீதமாக இருந்து, 2020-இல் 40.2 சதவீதமானது. உரப் பயன்பாடோ குறித்த காலத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2016-இலேயே குறையத் தொடங்கிவிட்டது. தானிய விளைச்சல் 66 கோடி டன்னை ஒட்டியே நிலைத்து, 2020-இல் 66.9 கோடி டன்னாக இருந்தது.

செயல்திட்டத்துக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. 2015 செப்டம்பரில் உரத்தின் மீது 13 சதவீத மதிப்புக் கூட்டு வரி மீண்டும் விதிக்கப்பட்டது. 2016-இல் உர ஆலைகளுக்கான மின்கட்டணச் சலுகை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் உரத் தொழிலுக்கான எரிவாயு விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. 2016-இல் மக்காச்சோளத் தற்காலிக இருப்புக் கொள்முதல் கைவிடப்பட்டு, விலை சரிந்தது. அப்பயிரின் பரப்பும் குறைந்தது. அந்த ஆண்டுகளில் சுற்றுச்சூழல் ஆய்வுக் குழுக்களின் நெருக்கடியாலும் நிலக்கரி விலையேற்றத்தாலும் பழைய ஆலைகள் மூடப்பட்டன. 2015-இல் ஐந்து மாகாணங்களில் சோதித்து, 2016-இல் நாடு முழுவதும், நேரடி மானியம், விதை மானியம், இடுபொருள் மானியம் மூன்றும் ஒன்றாக்கப்பட்டு, விளைநில வளத்தைக் காப்பதற்கும் நடுத்தர அளவிலான பண்ணைகளை ஊக்குவிப்பதற்குமான நிதியாக மாறின. 2017-இல் பழம், காய்கறி, தேயிலை விளையும் நூறு வட்டங்களில் வேதியுரத்துக்குப் பதிலாக இயற்கை உரம் இடும் முன்னோட்டத் திட்டம் வந்தது. இத்தனையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தபடியால், எது எத்தனை டன்னைக் குறைத்தது என்று தேசியத் தொகையிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அறிவுக்கான செலவும் விலைச் சலுகையின் நீக்கமும் முதன்முறையாக ஒரே திசையில் இழுத்த காலம் அது, பயன்பாடு குறைந்ததும் அப்போதுதான்.

இலக்கு விதிக்கப்பட்ட பின் உள்ளூர் அலுவலகங்கள் தரும் புள்ளிவிவரங்கள் இலக்கை நோக்கிச் சாயும் என்ற எச்சரிக்கையும் தேவை. ஆனால் ஏற்றுமதிக் கணக்கு இதற்கு ஒரு குறுக்குச் சரிபார்ப்பாக உதவுகிறது. உள்நாட்டில் பயன்பாடு குறைந்து, ஆலைகள் அதே அளவு உற்பத்தி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால், உமிழ்வின் பெரும்பகுதி அப்படியே இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. 2015-இல் 1.3 கோடி டன்னைத் தாண்டிய யூரியா ஏற்றுமதி, 2018-இல் 25 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. உற்பத்தியே சுருங்கியது. வயலில் மிச்சமான தழைச்சத்தைவிட, நிலக்கரியிலிருந்து உற்பத்தியாகாமல் போன அம்மோனியாவே இந்தக் காலத்தின் பெரிய உமிழ்வுச் சேமிப்பாக இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. வேளாண் உமிழ்வுப் பட்டியலில் அது இடம்பெறாது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இயந்திரம், நெல், கால்நடை

இயந்திர மானியம் 2004-இல் 7 கோடி யுவானில் தொடங்கி, பத்தாண்டுகளில் ஆண்டுக்கு 2,000 கோடி யுவானைத் தாண்டியது. உழவு, விதைப்பு, அறுவடையில் இயந்திரத்தின் பங்கு 2004-இல் மூன்றில் ஒரு பங்கு. 2020-இல் 71 சதவீதம். டீசல் பயன்பாடு இதனால் கூடியது. ஆனால் விதையோடு உரத்தை மண்ணுக்குள் ஆழமாக இடும் கருவியும், வைக்கோலைத் துண்டாக்கி நிலத்திலேயே பரப்பும் அறுவடை இயந்திரமும் இதே மானியத்தில்தான் வந்தன. ஒரே தலைப்பின் கீழ் உமிழ்வைக் கூட்டும் கருவியும் குறைக்கும் கருவியும் இருக்கையில், மொத்த மானியத் தொகையை உமிழ்வோடு பொருத்திப் பார்க்கும் கணக்கு எதையும் சொல்லாது. எந்தக் கருவிக்கு எவ்வளவு போனது என்பதே சொல்லும்.

நெல்லில் நிலைமை நுட்பமானது. சீன நெல்வயல்களில் பருவத்தின் நடுவே நீரை வடித்துக் காயவிடும் வழக்கம் பல பத்தாண்டுகளாகப் பரவலாக உள்ளது. அது மீத்தேனைக் குறைக்கிறது, நைட்ரஸ் ஆக்சைடைச் சற்றுக் கூட்டுகிறது. வடிகால் வாய்க்கால் சீராக இருந்தால்தான் வடிக்க முடியும் என்பதால், பாசனக் கட்டமைப்புக்கான சாதாரணச் செலவு இங்கே உமிழ்வுச் செலவாகவும் ஆகிறது. அதே வேளையில், வேதியுரத்தைக் குறைக்கும் நல்லெண்ணத்தில் வைக்கோலையும் மக்காத சாணத்தையும் நீர் தேங்கிய வயலில் சேர்த்தால் மீத்தேன் கூடும். உர இலக்கை எட்டிய வட்டம் மீத்தேனில் பின்னடைந்திருக்கலாம். கால்நடைக் கழிவை உரமாக்கும் திட்டங்கள் 2017 முதல் விரைவு பெற்றன. ஆனால் மீத்தேனுக்கென்றே தேசிய அளவிலான செயல்திட்டம் 2023 நவம்பரில்தான் வந்தது.

2021–22: எதிர்பாராத சோதனை

2021-இல் உலகெங்கும் எரிபொருள் விலையோடு உர விலையும் ஏறியபோது, சீன அரசு தானிய உழவருக்கு மீண்டும் நேரடித் தொகை வழங்கியது: 2021-இல் 2,000 கோடி யுவான், 2022-இல் மூன்று தவணைகளில் 4,000 கோடி யுவான். நோக்கம் இடுபொருள் விலையேற்றத்தை ஈடுசெய்வதே. இம்முறை குத்தகை உரிமையாளரை விட்டு, உண்மையில் பயிரிடுபவருக்கே பணம் சேர வேண்டும் என்று விதி இருந்தது. எத்தனை மூட்டை வாங்கினார் என்பதோடு அது பிணைக்கப்படவில்லை. ஏற்றுமதிக்குக் கெடுபிடி விதித்து உள்நாட்டு விலையேற்றத்தை அரசு ஓரளவு தணித்தாலும், கடையில் உரத்தின் விலை உயர்ந்தே இருந்தது.

உரப் பயன்பாடு 2021-இல் 5.19 கோடி டன்; 2022-இல் 5.08 கோடி டன். தானிய விளைச்சல் இரண்டு ஆண்டுகளிலும் 68 கோடி டன்னுக்கு மேல். விலையேற்றம் இல்லாதிருந்தால் பயன்பாடு இவ்வளவு குறைந்திருக்காது என்று வாதிடலாம், அது சரியே. ஆனால் ஈட்டுத்தொகை உரத்தின் விலையைக் குறைக்கும் வழியில் கொடுக்கப்பட்டிருந்தால், அந்த விலையேற்றத்தின் தாக்கம் உழவரைச் சென்றடைந்தே இருக்காது. பணம் குடும்பத்துக்குப் போனது, விலை மூட்டையிலேயே தங்கியது. இரண்டும் தனித்தனியே நின்றதால், உழவரின் வருமானத்தைக் காத்த 6,000 கோடி யுவான் உரப் பயன்பாட்டின் சரிவைத் தடுக்கவில்லை.